மட்டக்களப்பில் 50 லட்சத்துக்கு வீடு வாங்கினால் மேலதிகமாக எவ்வளவு போகும், எந்த நொத்தாரிசை (காணி விற்பனைப் பத்திரமான உறுதியை எழுதுபவரை) நம்பலாம்?

பெரிய செலவு முத்திரை வரிதான். முதல் ஒரு லட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%. 50 லட்சத்துக்கு 1,99,000 ரூபாய். வாங்குபவரே கட்ட வேண்டும். உறுதியில் விலையைக் குறைத்து எழுதினாலும் அரச மதிப்பீடு கூடுதலாக வந்தால் மிச்ச வரியைக் கேட்பார்கள். இதைவிட நொத்தாரிசுக் கூலி, பதிவுக் கட்டணம், சேவையர் (நில அளவையாளர்) கூலி, தரகர் காசு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்பவரிடம்தான் பிறகு புதுச் செலவுகள் முளைக்கும்.

விற்பவரோ தரகரோ கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம். உங்களுக்கென்று ஒருவரை வைத்து, காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவான ஈடு (அடமானம்), வழக்கு இருந்தால் அங்கே தெரியும். பார்க்காமலே "உறுதி சுத்தம்" என்பவரை விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்தில் அதிகம் பிசகுவது இரண்டு இடத்தில். மகளுக்குச் சீதனமாக எழுதிய வீட்டில் தாய் தகப்பன் சீவிய உரித்தை வைத்திருப்பார்கள். அவர்களும் கையெழுத்திடாவிட்டால் அவர்கள் காலம்வரை குடியிருக்கும் உரிமை அவர்களுக்கே. மற்றது பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்றால் செல்லாது. முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாள் ஒப்பந்தம் எதற்கும் உதவாது.

எழுதிய உறுதியை உடனே பதியுங்கள். பிந்தினால், அதே காணியை விலைகொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவர் பக்கம் சட்டம் சாயும்.