பனிக்கு அடியில் பிறக்கும் மீன் குஞ்சுகள்: கேட்டவையும் சொன்னவையும்

துருவக் கடல் மீன்களின் முதல் சில மாத வாழ்க்கையைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று அழைத்திருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன்.

கேள்வி: பிறந்தவுடனே நீந்துமா?

நீந்தும் தம்பி, ஆனால் பெரிய மீன் நீந்துவதைப் போல அல்ல. ஆர்க்டிக் கடலில் வாழும் துருவக் காட் மீனின் குஞ்சு முட்டையை விட்டு வரும்போது 5 அல்லது 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஓர் அரிசியின் நீளம், நூலின் தடிமன். உறைநிலையை ஒட்டிய நீர், 25 டிகிரி நீரைவிட ஏறத்தாழ இருமடங்கு பிசுபிசுப்பானது. அத்தனை சிறிய உடம்புக்கு அது பாகுக்குள் நீந்துவது போலத்தான். வாலை ஆட்டுவதை நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், வழுக்கிக்கொண்டு போகாது.

கேள்வி: கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரியில் உறைகிறது. சாதாரண மீனின் இரத்தம் மைனஸ் 1 டிகிரிக்குள்ளேயே உறைந்துவிடும் என்று படித்தேன். குஞ்சு எப்படித் தப்பிக்கிறது?

உறையவிடாத புரதங்கள் இருக்கின்றன என்பதே எல்லோரும் சொல்லும் பதில். ஆர்தர் டிவ்ரீஸ் 1960களில் அண்டார்க்டிக் மீன்களில் இவற்றைக் கண்டறிந்தார். இரத்தத்துக்குள் நுழையும் பனித்துகளின் மேல் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுப்பதே இவற்றின் வேலை. ஆனால் இது வளர்ந்த மீனின் கதை. அண்டார்க்டிக் வெள்ளி மீனின் குஞ்சில் இந்தப் புரதம் போதுமான அளவு இருப்பதில்லை, ஆனாலும் அது உறைவதில்லை. அதைக் காப்பது தோல். கடல்நீர் எவ்வளவு குளிர்ந்தாலும், உள்ளே ஒரு பனித்துகள் புகுந்தால்தான் உறைதல் தொடங்கும். குஞ்சின் செவுள் இன்னும் சரியாக விரியாததால், பனி நுழையும் முக்கியமான வாசல் கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. கீறல் விழாதவரை பிழைத்துக்கொள்ளும். அதே கடலில் இருக்கும் ஜிம்னோடிராகோ என்ற மீனோ, முட்டைக்குள் பத்து மாதம் இருந்து, புரதத்தைச் சேர்த்துக்கொண்டு ஆயத்தமாக வெளியே வருகிறது. அவசரக்காரனும் நிதானக்காரனும் ஒரே கடலில்!

கேள்வி: கோடைவரை காத்திராமல் துருவக் காட் நடுக்குளிரில் ஏன் முட்டையிடுகிறது?

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி இதுதான். குளிரைவிட, பிறக்கும் நேரம் தவறுவதுதான் இந்தக் குஞ்சுகளுக்குப் பெரிய ஆபத்து என்பது என் கருத்து.

முட்டைகள் மேலே மிதந்து பனிக்கட்டியின் அடிப்புறத்தை ஒட்டி நிற்கும். அந்தக் குளிரில் கரு மெதுவாகவே வளரும். பொரிக்க ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். ஜனவரியில் பொரிப்பதும் உண்டு, ஜூலையில் பொரிப்பதும் உண்டு. பையிலுள்ள மஞ்சள் கரு தீர்வதற்குள் குஞ்சு இரை பிடிக்கப் பழக வேண்டும். இரை என்பது கோபிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுயிர்களின் குஞ்சுகள். சீக்கிரம் பிறந்தால் வளர நாள் நிறைய உண்டு. ஆனால் இருட்டில் இரை கண்ணுக்குத் தெரியாது, அதன் எண்ணிக்கையும் குறைவு. தாமதமாகப் பிறந்தால் வெளிச்சமும் இரையும் தாராளம், ஆனால் அடுத்த குளிர்காலம் வரும்போது உடல் சிறியதாக இருக்கும். சிறியதை மற்றவை தின்றுவிடும், சொந்த இனமே கூட. முன்னதாகப் பிறந்தவை ஆகஸ்ட், செப்டம்பருக்குள் 3 முதல் 5 செ.மீ. வரை வளர்ந்து ஆழத்துக்கு இறங்கிவிடும்.

அப்படியானால் ஜனவரியில் பிறப்பவை எங்கே பிழைக்கின்றன? லேனா, மெக்கென்சி போன்ற பெரிய ஆறுகள் கலக்கும் கடல்களில் என்பது கனடாவின் கரோலின் பூஷார், லூயி ஃபோர்டியே இருவரும் முன்வைத்த விளக்கம். உப்புக் குறைந்த நீர் உறையும் நிலை சற்று மேலே இருப்பதால், ஆற்றுநீர் பரவிய பனியடியில் நீர் அவ்வளவு கடுங்குளிராக இருக்காது. எனக்கு இது நம்பத்தகுந்ததாகவே படுகிறது.

கேள்வி: பிறந்த நாளை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? யாரும் பார்த்திருக்க முடியாதே?

காதுக்குள் ஒரு சுண்ணாம்புக்கல் இருக்கிறது, செவிக்கல். நாளுக்கு ஒரு வளையம் சேரும். இரண்டு மெல்லிய ஊசிகளால் தலையைப் பிரித்து, தூசி போன்ற அந்தக் கல்லை எடுக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் எடுப்பேன். தும்மினால் ஒரு மீனின் வாழ்க்கை வரலாறே போய்விடும். தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், பொரித்த அன்று விழுந்த கருங்கோடு நடுவில் தெரியும். அங்கிருந்து வெளியே எண்ண வேண்டும். அகன்ற வளையம் நன்றாகத் தின்ற நாள், நெருங்கிய வளையங்கள் பட்டினிக் காலம். மாதிரிகளை ஆல்கஹாலில் வையுங்கள். அமிலமேறிய ஃபார்மலினில் கல் கரைந்துவிடும்.

கேள்வி: தாய் தந்தை கவனிப்பதே இல்லையா?

சில இனங்கள் கவனிக்கின்றன. 2021 பிப்ரவரியில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் ஆய்வுக் கப்பல் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடலில் இழுத்துச் சென்ற கேமராவில், கடல்தரை முழுவதும் வட்டக் குழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் அகலமுள்ள பனிமீன் கூடு. பெரும்பாலான கூடுகளில் ஒரு மீன் காவல் இருந்தது. ஒரு கூட்டில் சராசரியாக 1,700க்கும் மேற்பட்ட முட்டைகள். 240 சதுர கி.மீ. பரப்பில் ஏறத்தாழ 6 கோடிக் கூடுகள் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

கேள்வி: கடல் சூடானால் குஞ்சுகள் வேகமாக வளருமே, நல்லதுதானே?

குஞ்சு வளரும், பனி சீக்கிரம் விலகினால் இரையும் முன்னதாகக் கிடைக்கும். ஆனால் குஞ்சாவதற்கு முன் முட்டையாக இருக்க வேண்டுமே. துருவக் காட் முட்டைகள் 3 டிகிரியைத் தாண்டினாலே பெருமளவு செத்துவிடுகின்றன. குஞ்சு தாங்கும் சூட்டை முட்டை தாங்காது.

கேள்வி (அதே சிறுவன்): அதன் இரத்தம் என்ன நிறம்?

துருவக் காட் மீனுக்கு நம்மைப் போலச் சிவப்புதான். பனிமீனுக்கு நிறமே இல்லை தம்பி. ஹீமோகுளோபினே கிடையாது, குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் நிறையக் கரைந்திருப்பதால் சமாளித்துக்கொள்கிறது. அதன் குஞ்சை நுண்ணோக்கியில் பார்த்தால் இதயம் துடிப்பது தெரியும், உள்ளே ஓடுவது தெரியாது.