கதவருகே ஒரு பாட்டி

கேள்வி: எனக்கு 34 வயது. பத்து வயதில் உறவுக்காரர் ஒருவர் பல மாதங்கள் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். கணவருக்கும் இப்போது என் நாடகப் பயிற்சியாளருக்கும் மட்டுமே அது தெரியும். சனிக்கிழமை வகுப்புக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன், அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனால் அடுத்த மாத நிகழ்ச்சியில் என் கதையையே நடிக்கச் சொல்கிறார். சபையில் சொன்னால்தான் பாரம் இறங்குமாம். ஒத்திகையில் ஒருவர் பின்னாலிருந்து தோளைத் தொட்டதும் உடம்பு விறைத்துவிட்டது. குரலே எழும்பவில்லை. நடிக்கலாமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: அடுத்த மாதம் வேண்டாம் தோழி. நாடகத்தை விட்டுவிடவும் வேண்டாம்.

முதலில் அந்த விறைப்பு. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்ற நிலையில் உடம்பு தானாகவே அப்படி உறைந்துபோகும். பத்து வயதில் நீங்கள் சத்தம் போடாமல் இருந்திருந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அது சம்மதம் இல்லை. கோழைத்தனமும் இல்லை.

எனக்கும் ஒன்பது வயதில் நடந்தது. 23 வயதில் ஒரு குழுவில் இருந்தபோது, இதே போலச் சொல்லி என்னை மேடையேற்றினார்கள். அறுபது பேர் இருந்திருப்பார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்து நிமிடம் கழித்து நான் கழிப்பறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தேடி வரவில்லை. மூன்று வாரம் தூக்கமில்லை. உள்ளே திறந்துவிட்டதை மூடித்தர யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கக் கூத்துக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. பாஞ்சாலி துகில் உரியும் இரவில், சேலையைத் தொடும் முன் துச்சாதன வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். நடிப்புதான், ஆனாலும் அந்தத் தொடுதலுக்கு முன்னால் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். விடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துவிட்டு டீ குடித்தார்கள். நுழைய ஒரு வழி, வெளியே வர ஒரு வழி. ஒரு பயிற்சியாளரிடம் நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

என்னைத் தேற்றியது என் கதை இல்லை, ஒரு பாட்டி வேஷம். பல வருடம் கழித்து, மனநல ஆலோசகர் ஒருவரும் கூடவே இருந்த ஒரு சிறு பயிற்சியில் அது கிடைத்தது. வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் கிழவி. உள்ளே வர முயல்பவனைப் பார்த்து, “யாருடா அது? வெளியே போ!” என்று கத்த வேண்டும். முதல் நாள் காற்றுதான் வந்தது. நான்காம் நாள் வந்த குரலைக் கேட்டு நானே பயந்துபோனேன். அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் இருந்திருக்க வேண்டியவள் அவள். அவளாக நான் நின்றேன். நடந்ததை ஒருமுறைகூட நடித்துக் காட்டவில்லை. பார்வையாளர் ஒருவரும் இல்லை.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வளர்த்தெடுத்த மன்ற அரங்கில், பார்ப்பவரே ‘நிறுத்து’ என்று சொல்லி, மேடையேறிக் காட்சியை வேறு மாதிரி நடத்திப் பார்க்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரியது! அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன சொல் அதுதானே. ஆனால் வன்கொடுமைக் காட்சியையே எடுத்து அப்படிச் செய்து பார்ப்பதை என் பயிற்சிகளில் அனுமதிப்பதில்லை. அதற்கு முந்தைய கணங்களும் பிந்தைய கணங்களும் போதும். அம்மாவிடம் சொல்ல வாயெடுத்த கணம், திருமண வீட்டில் அந்த ஆளைத் திரும்பப் பார்த்த கணம்.

அதனால் இந்தச் சனிக்கிழமை பயிற்சியாளரிடம் கேளுங்கள்: “நான் நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்துவீர்களா? என்னைக் கேட்காமல் யாரும் தொடமாட்டார்கள்தானே? முடிந்த பிறகு என்னோடு உட்காரப்போவது யார்?” பதில் சொல்லத் தடுமாறினால் அது உங்கள் கதைக்கான இடம் இல்லை. வேறு வேஷம் கேளுங்கள், விளக்குப் போடுங்கள், பறை பழகுங்கள். ஆலோசகர் ஒருவரையும் பாருங்கள். நள்ளிரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும். என்றாவது ஒருநாள் சபையில் சொல்ல உங்களுக்கே தோன்றினால் அப்போது சொல்லுங்கள். தோன்றாமலே போனாலும் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ பற்றி எட்டாம் வகுப்பு மாணவிகளை வைத்து ஒரு நாடகம் போடுகிறோம். ஒத்திகையில் யாராவது தனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டால்?
- ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை

பதில்: சொல்லத்தான் செய்வார்கள். அதற்குத் தயாரான பிறகு ஒத்திகையைத் தொடங்குங்கள். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, அப்படி நடந்தது தெரியவந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். “நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை, உதவக்கூடியவர்களிடம் நாம் சேர்ந்து சொல்வோம்” என்று சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதும் ஒரு கொடுமை. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தால் வழி காட்டுவார்கள். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரியிடம் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இதை அந்தப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பயம் போய்விடும். அப்புறம் அவளை நாடகத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். இருக்க வேண்டுமா, எந்த வேஷம் வேண்டும் என்று அவளையே கேளுங்கள்.