கோரைப்பல் இறங்கலையா? ஸ்க்ரூ ஆடுதா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல்லுக்கு கிளிப் போடுற டாக்டர் நான். நம்ம குழுவுல கோரைப்பல் பத்தி வந்த கேள்விகளுக்கு இதோ பதில்.

வேலந்தாவளத்துல ஒரு அம்மா: பொண்ணுக்கு 13 வயசுங்க. ஒரு பக்கம் கோரைப்பல் வந்துடுச்சு, மறுபக்கம் பால்பல்லே அசையாம நிக்குது. காத்திருக்கலாங்களா?

வேண்டாங்கம்மா, எக்ஸ்ரே எடுத்துருங்க. மேல் கோரைப்பல் 11, 12 வயசுல முளைக்கணும். 9, 10 வயசுலயே உதட்டை ஒதுக்கி, பால்பல் வேருக்கு மேல விரலால தடவினா புளியங்கொட்டை மாதிரி ஒரு மேடு தட்டுப்படும். தட்டலைன்னா பல் அண்ணத்துப் பக்கம் சாய்ஞ்சிருக்கலாம். 1988ல ஸ்வீடன் நாட்டு டாக்டருங்க எரிக்சன், குரோல் ரெண்டு பேரும் 10லிருந்து 13 வயசுப் பிள்ளைகளுக்குப் பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டுப் பார்த்தாங்க. அண்ணத்துப் பக்கம் போன 46 பல்லுல 36 தானாவே தடத்துக்கு வந்துச்சு. சும்மா விட்டா என்ன பயம்னா, உள்ளே இருக்கிற பல் பக்கத்து முன்பல் வேரை அரிச்சிடும். பெரும்பாலும் வலியே தெரியாது.

வண்ணாமடை: தெத்துப்பல் ராசின்னு எங்க அத்தை சொல்றாங்க.

ராசிக்குக் குறுக்கே நான் நிக்கலைங்க. இடம் பத்தாம வெளிய தள்ளின பல் அது, அவ்வளவுதான். அசிங்கமா இருக்குன்னு அதையே பிடுங்கிடாதீங்க. வாயிலேயே நீளமான வேர் கோரைப்பல்லுக்குத்தான். இடம் வேணும்னா பெரும்பாலும் அதுக்குப் பின்னாடி பல்லைத்தான் எடுப்போம்.

கோபாலபுரம், இன்ஜினியரிங் மாணவர்: பல்லை இழுக்க ஸ்க்ரூ எதுக்கு டாக்டர்? எனக்குப் போட்டு மூணு வாரத்துல ஆடுது. எலும்பு வீக்கா?

தேர் வடம் பிடிக்கிறவங்க காலை ஊனாம இழுத்தா தேர் நகராது, அவங்கதான் வழுக்குவாங்க. பல்லும் அப்படித்தான் தம்பி. கோரைப்பல்லை மத்த பல்லுல கட்டி இழுத்தா அந்தப் பல்லுங்களும் நகர்ந்துடும். அதனாலதான் தாடை எலும்புல ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு, அதுல கால் ஊன்றோம். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன், எட்டு மில்லிமீட்டர் நீளம், டைட்டானியம் கலவை.

செயற்கைப் பல்லுக்கு வைக்கிற இம்ப்ளான்ட் எலும்போட ஒட்டிக்கும். இது பெரும்பாலும் மரத்துல ஏத்தின திருகாணி மாதிரி இறுக்கத்துல நிக்குது. பத்துல ஒண்ணு ரெண்டு கழண்டு வர்றது எல்லா டாக்டருக்கும் உண்டு. இதுக்காக உங்க எலும்பைக் குறை சொல்ல வேண்டாம். நான் முதல்ல சந்தேகப்படுறது, ஸ்க்ரூ வேரை உரசுதான்னுதான். உரசினா ஒவ்வொரு தடவை மெல்லும்போதும் பல் அதைத் தட்டும். அடுத்தது, சுத்தி அழுக்கு சேர்ந்து ஈறு வீங்குறது. கெட்டியான ஈறை விட்டு அசையிற சதையில போட்டாலும் சீக்கிரம் வீங்கும். சின்ன பிரஷ்ஷால தினம் ரெண்டு வேளை சுத்தம் பண்ணுங்க. நாக்கால நோண்டுறதை விட்டுருங்க. பாதிப் பேர் செய்ற வேலையே அதுதான்! லேசா ஆடினா இழுவையைக் குறைச்சு கொஞ்ச நாள் பார்ப்பாங்க. நல்லா ஆடினா எடுத்துட்டு வேற இடத்துல போடணும். அதே ஓட்டையில திருப்பி முறுக்கிப் பிரயோஜனமில்லை.

மீனாட்சிபுரம்: எனக்கு 34 வயசு. பால்பல் இன்னும் இருக்கு, கோரைப்பல் அண்ணத்துக்குள்ள. இப்பவும் இழுக்கலாங்களா?

முயற்சி பண்ணலாங்க, உறுதி சொல்ல மாட்டேன். இந்த வயசுல பல் எலும்போட ஒட்டிப்போயிருக்கலாம். நானா இருந்தா எல்லாப் பல்லுக்கும் கிளிப் போடுறதுக்கு முன்னாடி, ஈறைத் திறந்து அந்தப் பல்லுல சின்ன செயின் ஒட்டி, ஸ்க்ரூவுல இருந்து மட்டும் மெல்ல இழுத்துப் பார்ப்பேன். சில மாசத்துல நகர்ந்தா மத்த பல்லுக்கு கிளிப். நகரலைன்னா அத்தோட விட்டுடலாம், மத்த பல்லுக்குச் சேதமில்லை. அதுவரைக்கும் அந்தப் பால்பல்லை யாரும் பிடுங்க விடாதீங்க. ஆடாம இருந்தா அது இன்னும் பல வருஷம் உழைக்கும்.