தனியாகவே ஜெபிக்க முடியும்போது, கூடி ஜெபிக்க வாருங்கள் என்று சபையில் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சமாக இருக்கிறது என்றும், வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வராவிட்டால் விசுவாசம் குறைந்துவிட்டதாகப் பேசுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலை நிமித்தம் ஊர் மாறி வந்து, புதிய சபையில் இன்னும் ஒட்டாமல் இருப்பவர் என்று உங்களை எண்ணிக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் இறையியல் படித்தவள் அல்ல. பாளையங்கோட்டையில் எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறவள், அவ்வளவுதான்.

அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கும்படி இயேசுவே சொல்லியிருக்கிறாரே என்று இதன் கீழே யாராவது எழுதுவார்கள். சொன்னார், மனுஷர் காணவேண்டும் என்று வீதிச் சந்திகளில் நின்று ஜெபித்தவர்களைக் கண்டிக்கும் இடத்தில் சொன்னார். அதே மத்தேயு சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில், இரண்டு மூன்று பேர் தம்முடைய நாமத்தினாலே கூடும் இடத்தில் தாம் இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி. கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் விசுவாச வீரர்கள் என்று நினைத்து நீங்கள் பயப்படவும் வேண்டாம். அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தில், சிறையிலிருந்த பேதுருவுக்காக மாற்கு யோவானின் தாயாகிய மரியாள் வீட்டில் அநேகர் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேதுருவே வந்து கதவைத் தட்டியபோது, செய்தி சொல்ல ஓடிவந்த ரோதை என்னும் பெண்ணைப் பார்த்து, நீ பிதற்றுகிறாய் என்றார்கள். கேட்டது கிடைத்ததையே நம்பாதவர்களின் ஜெபக்கூட்டம் அது. எங்களுடையதும் ஏறக்குறைய அப்படித்தான்.

இனி எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மாலையில் முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கூடுவோம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு ஜெபக் குறிப்புகள், ஜெபம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தையல் வேலை செய்கிற ஓர் அக்கா தவறாமல் வருவார். ஆனால் தம் வீட்டு முறை வரும்போது மட்டும் ஏதாவது சொல்லி அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார். பக்தி இல்லை என்றே சிலர் முணுமுணுத்தார்கள். நான் தனியாகப் போய்க் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது முதலில் வெறும் தேநீராக இருந்தது, வசதியுள்ள வீடுகளில் கேசரி, வடை என்று வளர்ந்து, கடைசியில் இடியாப்பமும் கோழிக் குழம்பும் ஆகியிருந்தது. வாடகை நாற்காலி வேறு. "எங்க வீட்டுக்கு வந்தா உங்களுக்கு என்னக்கா கொடுப்பேன்?" என்று தையல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அடுத்த வெள்ளியே, இனி எந்த வீட்டிலும் கட்டன் தேநீருக்கு மேல் எதுவும் கிடையாது, பாயில்தான் உட்காருவது, முழங்கால் வலிக்கிறவர்களுக்கு மட்டும் நாற்காலி என்று சொல்லிவிட்டேன். வந்தவர்களுக்கு வயிறார இடுவது நம் மரபு, அதை நிறுத்த நீ யார் என்று கேட்டார்கள். விருந்துக்கு நான் எதிரியல்ல. சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் எனக்குள்ள மகிழ்ச்சி யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் ஜெபத்துக்குத் தட்டு விலை வைத்தால் ஏழை வீட்டுக் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். ஓரிரு குடும்பங்கள் சில வாரம் வரவில்லை. அந்த அக்கா வீட்டில் கூடினோம். இடம் போதாமல் பாதிப் பேர் திண்ணையில் இருந்தோம். அன்றுதான் அவர் மகனுடைய கல்லூரிக் கட்டணம் நிலுவையில் இருப்பதை முதன்முதலாக வாய்திறந்து சொன்னார். ஜெபம் முடிந்த கையோடு, கல்வி உதவிக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். தனி ஜெபத்தில் தேவன் கேட்டிருக்க மாட்டாரா என்றால், கேட்டிருப்பார். ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது.

இது புதிய பழக்கமும் அல்ல. ஜெர்மன் மிஷனரியான ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் திருநெல்வேலிச் சீமையில் எழும்பிய கிறிஸ்தவக் கிராமங்களில், உபதேசியார், அதாவது ஊரிலேயே தங்கி வேதம் கற்பிக்கும் சபை ஊழியர், ஜனங்களைத் தினமும் கூட்டி ஜெபம் நடத்துவது வழக்கமாக இருந்தது. கத்தோலிக்கர் இன்று அன்பியம் என்று வீடுகளில் கூடுகிறார்கள். மார்ச் மாத முதல் வெள்ளியில் வரும் உலக ஜெப நாளுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறைமையை எழுதுகிறார்கள்; 2025-இல் அது குக் தீவுகளின் பெண்கள் எழுதியது. பசிபிக் கடலில் இருக்கும் அந்தத் தீவுகளுக்காக, என் அறையில் தனியாக இருந்தால் நான் ஒருநாளும் ஜெபித்திருக்க மாட்டேன்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸப் குழுவில் ஒருவர் நோயைச் சொன்னவுடன் கைகூப்பும் படம் ஐம்பது விழுகிறது. அவரைப் போய்ப் பார்த்தவர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. அதைவிடக் கொடுமை, கூட்டத்தில் ஒருவர் கண்ணீரோடு சொன்ன குடும்ப விஷயம், "அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்ற பெயரில் மறுநாள் தெருவெங்கும் உலாவுவது. நீங்கள் விலகி நிற்பதற்கு இதுதான் காரணம் என்றால் உங்களைக் குறைசொல்ல மாட்டேன். எங்கள் கூட்டத்தில், சொன்னவர் அனுமதி இல்லாமல் எதையும் வெளியே பேசக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே சொல்லுகிறோம். உங்கள் சபையில் அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டா என்று கூட்டத்தை நடத்துகிறவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கூச்சத்தைப் பொறுத்தவரை, முதல் சில வாரம் வாய்திறக்கவே வேண்டாம். கர்த்தருடைய ஜெபத்தை எல்லாரோடும் சேர்ந்து சொன்னால் போதும். உங்கள் குறிப்பைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வேறொருவர் வாசித்து ஜெபிப்பார். புதிதாக வருகிறவரைப் பெயர்சொல்லி ஜெபிக்க அழைக்கிற வழக்கம் அங்கே இருந்தால், "இன்றைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு உட்காருங்கள். என்னிடம் அப்படிச் சொன்னவர்கள் உண்டு, நானும் கூப்பிட்டதில்லை.