கோபம் என்று நீங்கள் எழுதியது

அன்புள்ள அக்கா,

பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் மண்டியில் பெட்டி 80 ரூபாய்க்குத்தான் போனது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டுப்படியாகவில்லை. மண்டிக்காரரிடம் ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கியிருப்பதால் ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் பொண்ணு, ஒன்பது வயது, சொம்பைத் தட்டிவிட்டாள், தண்ணீர் களியில் கொட்டிவிட்டது. தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து என் வண்டிச் சத்தம் கேட்டாலே அவள் பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். என் அப்பாவும் இப்படித்தான். கோபம் எங்கள் ரத்தத்திலேயே ஊறியதா? கோபத்தை அடக்காதே, காட்டுப்பக்கம் போய்க் கத்தித் தீர்த்துவிட்டு வா என்கிறான் கூட்டாளி. அதையும் செய்து பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் வண்டிச் சத்தம் என்கிற இடத்தில் நின்றுவிட்டேன், அதற்கு மேல் படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் அப்பா கிருஷ்ணகிரிக்கு மாங்காய் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர். பெங்களூரா ரக மாங்காய் விலை சரிந்த நாள்களில் அவர் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டும் சத்தமே வேறு மாதிரி இருக்கும். அதைக் கேட்டதும் நான் செய்த தப்பு என்னவென்று தேட ஆரம்பித்துவிடுவேன். பாவாடையில் கறையா, வீட்டுப்பாடம் எழுதவில்லையா, தம்பியை அடித்தேனா. மாங்காய்க்கு விலை இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர்களின் முகம் மாறினால் அதற்குத் தான்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பொண்ணும் இப்போது அப்படித்தான் எதையோ தேடிக்கொண்டிருப்பாள்.

சரி, ரத்தம் பற்றிக் கேட்டீர்கள். கோபம் உங்கள் ரத்தத்தில் ஊறியது என்றால் மண்டியிலேயே அல்லவா கத்தியிருக்க வேண்டும்? அங்கே வாயைத் திறக்கவில்லை. அட்வான்ஸ் நினைவுக்கு வந்தது, அடுத்த நடைக்கும் அவரிடம்தான் போக வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது, அடக்கிக்கொண்டீர்கள். அவ்வளவு அடக்கத் தெரிந்தவரைக் கோபக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். அடக்கியது எதிர்த்துப் பேச முடியாத ஒரு சின்ன ஆளைப் பார்த்து இறங்கிவிட்டது. உளவியலில் இதற்கு இடப்பெயர்ச்சி என்று பெயர்.

உடம்பும் இதற்கு ஒத்துழைக்கிறது. நெஞ்சு படபடப்பது, கை நடுங்குவது, முகம் சுடுவது எல்லாம் பயத்துக்கும் கோபத்துக்கும் அவமானத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வரும். ஷாக்டர், சிங்கர் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1962இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. மாணவர்களுக்கு வைட்டமின் ஊசி என்று சொல்லி அட்ரினலின் போட்டு, பக்கத்தில் ஒரு நடிகரை உட்கார வைத்தார்கள். இந்தப் படபடப்பு ஊசியால் வருவது என்று சொல்லப்படாதவர்கள், பக்கத்து ஆள் குதூகலப்பட்டால் தாங்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள், அவர் எரிந்து விழுந்தால் இவர்களும் எரிச்சல்பட்டார்கள். பின்னால் வந்த சில்மன் என்பவர், ஒரு இடத்தில் ஏறிய படபடப்பு முழுக்க இறங்கும் முன்னால் வேறொன்று நடந்தால் பழைய மிச்சமும் அதோடு சேர்ந்துகொள்ளும் என்று காட்டினார். மண்டியில் இருந்து வீடு வரைக்கும் எக்ஸெல் வண்டியில் வரும் வழியெல்லாம் அந்த 80 ரூபாயையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஓட்ட ஓட்ட மிச்சம் இறங்கவே இறங்காது. கொட்டியது ஒரு சொம்புத் தண்ணீர், அதன் மேல் விழுந்தது மண்டியின் பாரம் மொத்தமும்.

உங்கள் கூட்டாளி சொன்ன வழி பலன் தராததில் ஆச்சரியமே இல்லை. புஷ்மன் என்பவர் 2002இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களைவிட, இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் கோபம் குறைவாக இருந்தது. கத்தும்போது மண்டிக்காரர் முகம் கண்முன்னால்தானே இருக்கும், அப்புறம் எப்படித் தணியும்?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தட்டை எறிந்ததைக் கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள், மண்டியில் உங்கள் மனசுக்குள் என்ன ஆனது என்பதற்கு ஒரு சொல்லும் எழுதவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வரும் என்றும் நான்கு நான்காகச் சொல்கிறது. வெகுளி, அதாவது கோபம், வருவது உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்ற நான்கால், அதாவது பிறர் செய்யும் கொடுமையால். இளிவரல் என்று இன்னொன்று உண்டு. தான் தாழ்ந்துபோனோம் என்று கூனிக் குறுகுவது அது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கில் இருந்து பிறக்கிறது. மென்மை என்றால் இங்கே வலுவில்லாத நிலை. அன்று மண்டியில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றபோது உங்களுக்கு வந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடவே கடனை நினைத்துப் பயமும் இருந்திருக்கும். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் இரண்டும் கோபமாக வேஷம் மாற்றிக்கொண்டன, ஏனென்றால் நம் பக்கத்தில் ஆம்பளை அவமானமாக இருக்கிறது என்று சொன்னால் கேட்க ஆள் கிடையாது, கோபப்பட்டால் மட்டும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஆகவே அதை அதன் பெயரால் சொல்லிப் பழகுங்கள். லீபர்மன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2007இல் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கோபமோ பயமோ தெரியும் முகப்படத்தைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று சொல்லால் குறிக்கச் சொன்னபோது, மூளையில் ஆபத்தைக் கண்டால் துடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைந்தது. ஊருக்குள் நுழையும் முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். மூச்சு சீராகும் வரைக்கும் உட்காருங்கள். பிறகு வாய்விட்டே சொல்லுங்கள்: இன்னைக்கு விலை போகலை, எல்லார் முன்னாடியும் தலையைக் குனிஞ்சுட்டு வந்தேன், வட்டிக்கு என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. வீட்டுக்குப் போய் இதையே உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள். அவர் கணக்குக் கேட்பார் என்ற தயக்கம் இருக்கலாம், கேட்கட்டும்.

பொண்ணிடம் மன்னிப்புக் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள், தின்பண்டம் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டவும் வேண்டாம். அப்பா தட்டை எறிஞ்சது தப்பு, தண்ணி கொட்டினதுக்காக இல்ல, தக்காளி விலை போகலைன்னு மனசு கஷ்டமா இருந்தது, நீ ஒண்ணும் பண்ணலை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உடனே வந்து மடியில் உட்கார மாட்டாள். இன்னும் சில வாரம் பின்கட்டுக்குப் போகத்தான் செய்வாள். அதைப் பார்த்து மறுபடியும் எரிச்சல்படாதீர்கள்.

இதையெல்லாம் மீறிக் கை நீள்கிறது, தூக்கம் போகிறது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் தாமதிக்க வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த நடை மண்டிக்குப் போய்த் திரும்பிய அன்றைக்கு எனக்கு எழுதுங்கள். விலை என்ன போனது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா