எடிட்டிங் இல்லாமல் கற்பனைக் காட்சியைப் படமெடுக்க முடியுமா?

அறைக்குள் பறவைக் கூட்டம் பறப்பது போன்ற படங்களைக் கணினியில் ஒட்டு வேலை செய்யாமல் எடுக்க முடியுமா, அப்படி மெனக்கெடுவதால் என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் ஆறேழு வருடமாக அப்படித்தான் எடுக்கிறேன். லாபம் அப்புறம், முதலில் படும் பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு படத்துக்காக 40 காகிதப் பறவைகள் மடித்தேன். மடித்தது பெரிதில்லை, தொங்கவிட்டதுதான் வதை. ஒற்றை நைலான் நரம்பில் கட்டினால் பறவை சுற்றிக்கொண்டே இருக்கும்; பக்கத்தில் நின்று மூச்சு விட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கழுத்துக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என இரண்டு கட்டிய பிறகுதான் அடங்கின. அடுத்து, நைலான் நரம்பு விளக்கொளியில் பளபளத்தது. எல்லாவற்றையும் அவிழ்த்து, மெல்லிய கறுப்புத் தையல் நூலில் மறுபடி கட்டினேன். பின்சுவருக்குக் கருநீலம் அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்ததும் நூல் கண்ணிலிருந்து மறைந்தது.

லாபம் என்று நான் நினைப்பது வெளிச்சத்தைத்தான். தரையில் விரித்திருந்த நீலத் துணியின் சாயல் ஒவ்வொரு பறவையின் அடிவயிற்றிலும் லேசாக ஏறியிருந்தது. நான் திட்டமிட்டதல்ல. ஒட்டுப் படங்களைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது இந்த நிழலும் சாயலும்தான். பொருள் நிஜமாக அங்கே இருந்தால் அந்தக் கணக்கை வெளிச்சமே பார்த்துக்கொள்ளும்.

இந்த வழியில் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். தென்கொரியாவின் ஜீயங் லீ, சியோலில் 3.6 மீட்டருக்கு 4.1 மீட்டர் அளவுள்ள சின்ன ஸ்டூடியோவுக்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஒரு கனவுலகத்தைக் கட்டி, பெரும்பாலும் அதற்குள் தானே நின்று படமெடுப்பவர். அமெரிக்கரான சாண்டி ஸ்கோக்லண்ட் 1981-இல் ஒரு நீலப் படுக்கையறை முழுக்க, களிமண்ணில் தானே செய்த ஆரஞ்சு மீன்களை நீந்தவிட்டார். 1948-இல் புகைப்படக்காரர் ஃபிலிப் ஹால்ஸ்மன், ஓவியர் டாலியைக் குதிக்க வைத்து, பூனைகளையும் வாளித் தண்ணீரையும் வீசச் சொல்லி எடுத்த படம் 28-ஆவது முயற்சியில்தான் சரியாக வந்தது என்பார்கள். (பூனைகளின் நிலைமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.) ஆனால் அதிலும் பொருட்களைத் தொங்கவிட்ட கம்பிகளைப் பிறகு அழித்திருக்கிறார்கள். அதனால் 'கை வைக்காத படம்' என்பதை ரொம்பப் புனிதமாக்க வேண்டாம். நானும் நிறச் சமநிலையைத் திருத்துவேன். ஆனால் இல்லாததைச் சேர்ப்பதில்லை, இருப்பதை அழிப்பதில்லை, அவ்வளவுதான்.

முதல் முயற்சியை மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்கு, வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு டிரேசிங் தாள், கேமரா ஆடாமல் நிற்க ஒரு முக்காலி போதும். பனித்துளி வேண்டுமென்றால் தண்ணீரில் கிளிசரின் கலந்து தெளியுங்கள். துளி சீக்கிரம் காயாது, நிதானமாக எடுக்கலாம்.

என் பறவைப் படம் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. முன்னும் பின்னும் எல்லாமே துல்லியமாகத் தெரிய லென்ஸின் துளையை எஃப் 16 என்ற சிறிய அளவில் வைத்தேன். வெளிச்சம் போதாமல் ஷட்டர் 2 நொடி திறந்திருக்க வேண்டியதாயிற்று. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, ரிமோட்டை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியும் ஓரத்திலிருந்த ஒரு பறவையின் சிறகு ஆடிக் கலங்கிவிட்டது. அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். மற்ற 39-உம் தொங்குகின்றன, அது மட்டும் பறக்கிறது.