கோயில் காட்டில் கன்று நடுவதற்கு முன்

கேள்வி: எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அய்யனார் கோயிலைச் சுற்றி 5 ஏக்கர் அளவுக்குப் பழைய காடு உண்டு. அதன் ஓரங்களில் சீமைக்கருவேலம் நுழைந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் நாங்கள் 15 பேர் அதை வெட்டி அகற்றி, 500 மரக்கன்றுகள் நட நினைக்கிறோம். பெரியவர்கள் தயங்குகிறார்கள். எப்படித் தொடங்கலாம்?

பதில்: கன்று நடும் திட்டத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் பகுதிக் கோயில் காடுகளில் பல, சோழமண்டலக் கரையோரச் சமவெளியில் ஒருகாலத்தில் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள். வீரை, பாலை, காயா போன்ற மரங்கள் அங்கே நிற்கக்கூடும். இவை மெதுவாக வளர்பவை; நாற்றங்கால்களில் அரிதாகவே கிடைப்பவை. எளிதில் கிடைக்கும் புங்கனையும் பூவரசையும் 500 வாங்கி நட்டால், பழங்காட்டின் நடுவே ஒரு தோப்பு வளரும். அதற்குப் பதிலாகத் தாய்மரங்களின் அடியில் குனிந்து பாருங்கள். தானாக முளைத்த நாற்றுகள் தென்படும். அவற்றை அழிப்பவை ஆட்டு மேய்ச்சலும், திருவிழாவுக்கு முன் சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கமும்தான். சன்னதிக்கு முன்னால் மட்டும் கூட்டிக்கொண்டு, மற்ற இடத்துச் சருகை மண்ணிலேயே விடச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றம் உங்கள் 500 கன்றுகளைவிட அதிகம் செய்யும்.

பெரியவர்களின் தயக்கத்தைத் தடையாக எண்ணாதீர்கள். பல கோயில் காடுகளில் காய்ந்த சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. காடு இன்றுவரை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அரிவாளோடு போய் நின்றால் யார்தான் பதறமாட்டார்கள்? பூசாரியிடமும் கோயில் வகையறாக்களிடமும் காட்டின் எல்லையையும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வழக்கப்படி சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டுமென்றால் அதையும் செய்யுங்கள். விறகுக்குச் சீமைக்கருவேலத்தை நம்பியிருக்கும் குடும்பங்களிடம் தவறாமல் பேசுங்கள்.

அடுத்தது நிலம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நில விவரப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் அது புறம்போக்கா, கோயில் பெயரில் உள்ளதா என்று பாருங்கள். யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். வெட்டுவது சீமைக்கருவேலம்தானே என்று அனுமதி வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

இனி அதை அகற்றும் முறை. தயவுசெய்து ஜேசிபியைக் காட்டுக்குள் விடாதீர்கள். அது நாட்டு மரங்களின் வேரையும் நாற்றுகளையும் சேர்த்துப் புரட்டிவிடும். திடீரென வெயில் விழும் வெற்று மண்ணில் முதலில் முளைப்பது, அங்கே ஏற்கெனவே புதைந்து கிடக்கும் சீமைக்கருவேல விதைதான். தரைமட்டத்தில் வெட்டினாலும் பயனில்லை. அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது சுற்றிலும் தோண்டி, ஓரடி ஆழம் வரை, தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். காட்டுக்குள் தனித்தனியாக நிற்பவற்றில் தொடங்கி, அடர்ந்த ஓரங்களைச் சிறு சிறு பகுதியாகக் கடைசியில் எடுங்கள். வெட்டுவதற்கு முன் கிளைகளில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். காய்களைத் தின்னும் ஆடுமாடுகளின் சாணத்தில் விதை மறுபடி வரும். எனவே எடுத்த இடத்துக்கே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திரும்பிப் போய் முளைகளைப் பிடுங்க வேண்டியிருக்கும். சில ஆண்டுகளுக்கு இது ஓயாது. படிப்பு முடிந்து நீங்கள் வெளியூர் போவீர்கள்; பள்ளிப் பிள்ளைகளை இப்போதே பழக்குங்கள். பாம்புகள் நடமாடும் இடம் என்பதால் கனமான காலணி இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். கோடையில் தீப்பிடித்தால் 101-ஐ அழையுங்கள்; அணைக்க நீங்களே உள்ளே ஓடாதீர்கள்.

இதற்கிடையே காட்டில் உள்ள மரம், கொடி, பறவை எல்லாவற்றையும் ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் பணி. உங்கள் பட்டியல் அதில் ஏறட்டும். கிராம சபையில் தீர்மானமும் கேளுங்கள். அதே சட்டத்தின் 37-ஆம் பிரிவின்கீழ், பல்லுயிர் வளம் மிக்க ஓர் இடத்தை மாநில அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு 2025-இல் அப்படி அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு 4.97 ஹெக்டேர், அதாவது சுமார் 12 ஏக்கர்தான். ஆகவே காடு சிறியது என்று பின்வாங்க வேண்டாம். ஆனால் அறிவிப்போடு ஓய்ந்துவிடவும் கூடாது. 2022-இல் இதே தகுதி பெற்ற மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பகுதியே டங்ஸ்டன் சுரங்க ஏலப் பரப்புக்குள் வந்தது. ஊர்மக்கள் போராடிய பிறகுதான் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இன்று கோயில் காடுகளுக்கு நான் மிகவும் அஞ்சுவது சீமைக்கருவேலத்தைவிடத் திருப்பணியைத்தான். வெளியூரில் சம்பாதிப்பவர்கள் பக்தியோடு பணம் தருகிறார்கள். மண்டபம் பெரிதாகிறது, சுற்றிலும் சிமெண்ட் தளம், வண்டி நிறுத்த இடம். இடைஞ்சல் என்று முதலில் போவது பழைய மரங்கள். உங்கள் ஊரில் குடமுழுக்குப் பேச்சு எழுந்தால், வரைபடம் போடும்போதே குழுவில் உங்களில் ஒருவர் இருக்கும்படி கேளுங்கள். எந்தெந்த மரம் எங்கே நிற்கிறது என்ற பட்டியலை அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.